தூங்கும் நேரத்துப் பேச்சு

மதியச் சாப்பாடு முடிந்ததும் பாலர் வகுப்பில் பாய் விரிப்பார்கள். படுத்த பிறகுதான் பிள்ளைகளுக்கு ஊர்க்கதையெல்லாம் ஞாபகம் வரும். "உஷ், உஷ்" என்று சொல்லிச் சொல்லியே டீச்சருக்குத் தொண்டை கட்டிவிடும்.

அந்த இரைச்சலிலும் நிம்மதியாகத் தூங்குகிறவள் பட்டாணி ஒருத்திதான். நாலு வயது, பிறவியிலேயே காது கேட்காது. அவளுக்காக டீச்சர், அவள் அம்மாவிடம் இருபது சைகைகளைக் கற்றுவந்து வகுப்புக்கே சொல்லிக்கொடுத்திருந்தார். பிள்ளைகள் ஒரு வாரம் விளையாட்டாகச் செய்துவிட்டு மறந்துபோனதாகவே அவர் நினைத்தார். பட்டாணி ஜன்னலோரம் தனியாக மரக்கட்டைகளை அடுக்கிக்கொண்டிருப்பாள். பார்க்கும்போதெல்லாம் டீச்சருக்கு மனசு உறுத்தும்.

ஒரு திங்கட்கிழமை மதியம் அறை கப்சிப்பென்று ஆகிவிட்டது. செவ்வாயும் அப்படியே.

"என்ன மந்திரம் போட்டீங்க டீச்சர்? ஈ பறந்தாக்கூடக் கேக்குது!" என்றார் ஆயாம்மா.

டீச்சருக்குப் பெருமை பிடிபடவில்லை. புதன்கிழமை, வருகைப் பதிவேட்டை எழுதிக்கொண்டிருந்தவர் தற்செயலாக நிமிர்ந்தார். பதினாறு பேரில் ஒருவர்கூடக் கண் மூடவில்லை. போர்வைகளுக்கு மேலே கைகள் பறந்துகொண்டிருந்தன. நடுவில் பட்டாணி மண்டியிட்டு, ஒருவனின் விரலைப் பிடித்துத் திருத்திக்கொண்டிருந்தாள். பாதிக்கு மேல் டீச்சருக்கே தெரியாத சைகைகள்.

அதட்ட வாயெடுத்தவர் அப்படியே மூடிக்கொண்டார். என்னவென்று அதட்டுவது? ஒருத்தரும் சத்தம் போடவில்லையே!

ஒரு சைகை மட்டும் அடிக்கடி வந்தது. இரண்டு கையாலும் எதையோ தேடித் துழாவிவிட்டு, உச்சந்தலையைத் தட்டுவது. அதைச் செய்யும்போதெல்லாம் பிள்ளைகள் அவர் பக்கம் பார்த்து, வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்கள்.

சாயங்காலம், மகளைக் கூட்டிப்போக வந்த பட்டாணியின் அம்மாவிடம் அதைச் செய்துகாட்டி, "இதுக்கு என்னங்க அர்த்தம்?" என்று கேட்டார்.

அந்தம்மாவுக்குச் சங்கடமாகிவிட்டது. "தப்பா நெனச்சுக்காதீங்க டீச்சர். அது உங்க பேரு."

"என் பேரா?"

"கண்ணாடியத் தலையில ஏத்தி வெச்சுக்கிட்டே ரூம் பூராத் தேடுவீங்களாமே. வீட்லயும் உங்கள அப்படித்தான் சொல்றா. புடிக்காதவங்களுக்கு அவ பேரே வெக்கமாட்டா."

டீச்சரின் கை தானாகத் தலைக்குப் போனது. கண்ணாடி அங்கேதான் இருந்தது. வயிறு வலிக்கச் சிரித்தார். சிரிப்பு அடங்கியதும், "இருபத வெச்சுக்கிட்டு இனிமே வண்டி ஓடாதும்மா. புள்ளைங்க என்னைத் தாண்டிப் போயிட்டாங்க. எனக்கும் சொல்லிக்குடுங்க," என்றார்.

"நான் எதுக்கு? இவளயே கேளுங்க. கொஞ்சம் கண்டிப்பு, அவ்வளவுதான்."

மறுநாள் மதியம் டீச்சர் பட்டாணியின் பாய் ஓரம் உட்கார்ந்து கையை நீட்டினார். அவள் காட்டிய சைகையை மூன்று தடவை தப்பாகச் செய்தார். பட்டாணி பெருமூச்சு விட்டு, அவர் கட்டைவிரலை மடக்கி, மறுபடி செய்யச் சொன்னாள். கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்த பிள்ளைகள், அலுத்துப்போய் ஒவ்வொருவராகத் தூங்கத் தொடங்கினார்கள்.