ஏதனின் காய்ச்சல்

கனடாவிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த சஜன் திரும்பிப் போக இரண்டு நாள் இருக்கையில், அவன் மகன் ஏதனுக்குக் காய்ச்சலோடு முகமெல்லாம் சிவந்து தடித்தது. பாறசாலை டாக்டர் பார்த்ததுமே அஞ்சாம்பனி என்றார். தட்டம்மைக்கு அந்தப் பக்கத்துப் பெயர் அது. தடுப்பூசி போட்டதா என்று அவர் கேட்டதற்குச் சஜன் மருந்துச்சீட்டை வாங்கிக்கொண்டு எழுந்துவிட்டான்.

கொல்லயில் என்ற ஊரிலிருந்த அம்மா வீட்டில் தங்கை ஜினி அவனைப் பிடித்துக்கொண்டாள். அவள் மகளுக்கு ஐந்து மாதம். அந்த ஊசி போட இன்னும் வயதாகவில்லை. வந்த நாள் முதல் ஏதன் குழந்தையை மடியிலிருந்து இறக்கியதே இல்லை.

“அண்ணா, ஒரு ஊசிகூடயா போடல்ல?”

“அங்க எங்க ஜெபக் கூட்டத்துல ஆரும் போடாது. ஊசி கெடுதல்னு வீடியோ உண்டு, அனுப்பித்தாறேன்.”

“நீ சின்னதுல எல்லா ஊசியும் போட்டவனாக்கும்!”

சஜன் சிரித்தான். மறுநாள் பையனுக்கு முழுக்கைச் சட்டை மாட்டி, முகத்தில் பவுடர் பூசிப் பார்த்தான். “பிளைட்டுல ஒறங்கிருவான். ஆருக்கும் தெரியாது.”

“பிளைட்டுல கைக்கொழந்த இருக்காதா?”

“டிக்கெட்டுக் காசு போவும்லா.”

ஜினி அதற்குமேல் வாதாடவில்லை. ஹெல்த் இன்ஸ்பெக்டரைப் போனில் அழைத்துச் சொன்னாள். அவர் வந்து பயணத்தை நிறுத்தினார். அம்மா புஷ்பபாயின் கோபமெல்லாம் ஜினி மேல்தான்.

“கூடப்பெறந்தவனக் காட்டிக்குடுத்திட்டியே மக்கா. சபையில எப்பிடி முழிப்பேன்?”

ஏதன் தேறி முற்றத்தில் பந்து விளையாடினான். “பாத்தியா, ஊசி இல்லாமலே சரியாச்சு” என்றான் சஜன். அன்று சாயங்காலம் ஜினியின் குழந்தைக்கு உடம்பு கொதித்தது.

திருவனந்தபுரம் ஆஸ்பத்திரியில் குழந்தை நெஞ்சு குழிய மூச்சு வாங்கினாள். நோய் நுரையீரலில் இறங்கியிருந்தது. சஜன் வார்டு வாசலில் நின்று கண்ணை மூடி ஜெபித்தான்.

“ஜெபம் பண்ணு, வேண்டாம்னு சொல்லல்ல” என்றாள் ஜினி. “அந்த வீடியோவ ஆருக்கெல்லாம் அனுப்பின? அவியளுக்கெல்லாம் இவளயும் ஒரு படம் எடுத்து அனுப்பு.”

அவன் போனைச் சட்டைப் பையிலிருந்து எடுக்கவேயில்லை.

குழந்தை பிழைத்தாள். இடது காது கேட்கவில்லை என்பது சில மாதங்கள் கழித்துத் தெரிந்தது. சஜன் அப்போது கனடாவில் இருந்தான். ஜினி கூப்பிட்டுச் சொன்னாள். “அது பெறவியிலேயே உண்டாயிருக்கும்” என்றான்.

ஜினி போனை அம்மாவிடம் நீட்டினாள். “எனக்கு வய்யா, முடியல்ல. நீயே பேசு.”

புஷ்பபாய் அதை வாங்கவில்லை; பேத்தியைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள்.