பதினாறு வயதுச் சம்மனசு

சின்னமனூர்ப் பக்கத்து அந்த ஊரில், ஏசுவின் பாடுகளையும் உயிர்ப்பையும் காட்டும் பாஸ்கா நாடகத்துக்கு ஆள் எடுக்கப் பெரிய யோசனை எல்லாம் கிடையாது. வளர்ந்த பையன் போர்ச்சேவகன், வளராதவன் சம்மனசு, அதாவது வானதூதன். ஏழு வயதில் வெள்ளை அங்கியும் அட்டைச் சிறகும் மாட்டிய ஜோயல், பதினாறு ஆகியும் அதைக் கழற்றவில்லை. கூடப் படித்தவர்களுக்குக் குரல் உடைந்து, மீசை அரும்பி, ஆளுக்கொரு ஈட்டியும் கிடைத்துவிட்டது. தான் கடைசிவரை இப்படியே நின்றுவிடுவோமோ என்று ஜோயலுக்குப் பயம். கதவு நிலையில் மாதாமாதம் பென்சிலால் கோடு போட்டுப் பார்த்தான். நூலளவுதான் ஏறியது.

அம்மா அனிதா மேரிக்கு இது தெரியாமல் இருக்குமா? மகனையும் கணவர் லூர்துநாதனையும் இழுத்துக்கொண்டு தேனி டாக்டரிடம் போனாள். லூர்துநாதன் ஆறடி ஆள். நாடகத்தில் சேவகர் தலைவர். அந்தப் பதவியை வீட்டிலும் விடமாட்டார்.

டாக்டர் ஜோயலின் இடது கையை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார்.

"தம்பிக்கு வயசு பதினாறு. எலும்புக்கு இன்னும் பதிமூணுதான். அப்பா, நீங்க எப்ப வளந்தீங்க?"

"பதிமூணுலயே எனக்கு மீசை சார்," என்றார் லூர்துநாதன், அதைத் தடவிக்கொண்டே.

டாக்டரின் முகம் மாறியது. "அப்ப இன்னும் சில டெஸ்ட் எடுத்துப் பாக்கணும்."

அனிதா மேரியால் பொறுக்க முடியவில்லை. அவளும் லூர்துநாதனும் கம்பம் பக்கம் ஒரே தெரு. கல்யாணத்துக்குப் பிறகுதான் இங்கே குடிவந்தார்கள்.

"டாக்டர்கிட்டயா புளுகுறீக? பிளஸ் டூ படிக்கையிலயும் நீங்கதான எங்கூர்ச் சம்மனசு! மொத வரிசையில உக்காந்து பாத்தவ நானு. கீச்சுக் குரல் வேற!"

ஆறடி ஆள் நாற்காலியில் மூன்றடியானார். டாக்டர் வாய்விட்டுச் சிரித்தார்.

"சில குடும்பத்துல பசங்க லேட்டாத்தான் வளருவாங்க. தம்பிக்கு இப்பத்தான் ஆரம்பிச்சிருக்கு. பயப்பட ஒண்ணுமில்ல, ஆறு மாசம் கழிச்சு வாங்க."

பஸ்ஸில் ஜோயல் அப்பாவுக்கு முகம் கொடுக்கவில்லை. நெஞ்சு நிறையச் சந்தோஷம், அதே அளவு கோபம்.

"இம்புட்டு நாளும் பயந்து செத்தேன். ஒரு வார்த்த சொல்லியிருந்தா என்னப்பா?"

"வெக்கமா இருந்துச்சுடா. அந்த அங்கிய மாட்டிக்கிட்டு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்."

"எனக்குத் தெரியாதாக்கும்?"

லூர்துநாதனின் கை மீசைக்குப் போய், பாதியிலேயே இறங்கியது.

அடுத்த ஈஸ்டர் சாயங்காலம் ஊரே மைதானத்தில் கூடியிருந்தது. ஜோயலுக்கு அங்கி கணுக்காலுக்கு மேல் ஏறியிருந்தது. ஆனாலும் வேஷம் அதேதான். கல்லறைக் காட்சியில் சம்மனசைக் கண்டதும் சேவகர்கள் செத்தவர்களாக விழ வேண்டும். லூர்துநாதன் முதல் ஆளாக விழுந்தார். ஜோயல் மைக்கின் முன்னால் சிறகை விரித்தான்.

"பெண்களே, உங்கள் கண்ணீரைத்..." அதுவரை வழக்கமான குரல்தான். "துடையுங்கள்" மட்டும் அடித்தொண்டையில் கரகரத்து இடறியது.

மைதானம் கொல்லென்று சிரித்தது. ஜோயலுக்கு உச்சி குளிர்ந்துபோனது. அந்தக் குரலை மறுபடியும் கேட்க ஆசைப்பட்டு அதே வசனத்தைத் திரும்பச் சொன்னான். மறுபடியும் உடைந்தது.

செத்துக்கிடந்த சேவகர் தலைவர் துள்ளி எழுந்து, ஈட்டியைப் போட்டுவிட்டு மைக்கைப் பிடித்தார்.

"எம் மகனுக்குக் குரல் உடைஞ்சிருச்சுய்யா! எனக்குப் பதினேழு முடிஞ்சுதான் உடைஞ்சுச்சு, இவன் என்னைய முந்திட்டான்!"