நகக்கண்ணில் மஞ்சள்

எண்ணெய்த் துணியால் அப்பாவின் கட்டைவிரலை அழுத்தித் தேய்த்துக்கொண்டிருந்தாள் சுகப்பிரியா. முகத்து அரிதாரமெல்லாம் வந்துவிட்டது. நகக்கண்ணில் ஏறிய மஞ்சள் மட்டும் போவேனா என்றது.

பரளச்சியில் அம்மன் கோயில் பொங்கலுக்கு வள்ளி திருமணம் நாடகம். முருகன் வேஷம் அப்பா ஐயாத்துரைக்கு. விடியும்போது சாமி முன்னால் வள்ளி கழுத்தில் மஞ்சள் கயிறு ஏறினால்தான் மழை இறங்கும் என்பது அந்த ஊர் நம்பிக்கை. கட்டிவிட்டு முதல் பஸ்ஸில் திருச்சுழி வீட்டுக்கு வந்தார். நெஞ்சு வலிக்கிறது என்று படுத்தார். அவ்வளவுதான்.

முத்துத்தாய் வந்தாள். பல வருஷமாக அவருக்கு வள்ளி அவள்தான். கழுத்தில் அந்தக் கயிறு அப்படியே கிடந்தது. பெண்களின் அழுகை சட்டென்று தணிந்தது. அம்மா மாரீஸ்வரி தன் தாலியை முந்தானைக்குள் தள்ளிக்கொண்டு சுவரைப் பார்த்தாள்.

சுகப்பிரியா அந்தக் கயிற்றையே பார்த்தாள். வீட்டில் அப்பா வாய் திறந்ததே கிடையாது. தொண்டையைக் காக்கணும் என்று பகலெல்லாம் வெந்நீர், சைகை. சோறு வேண்டுமென்றால் தட்டைத் தட்டுவார். அவள் பட்டம் வாங்கிய அன்றும் எங்கோ நாடகம். சான்றிதழை நீட்டியபோது தலையை ஆட்டியதோடு சரி. இந்த முத்துத்தாயோடு மட்டும் மேடையில் விடிய விடியக் கேலி, கொஞ்சல், பாட்டு.

"கயித்தக் கழட்டிட்டு வந்திருக்கலாம்ல?" என்றாள் சுகப்பிரியா.

முத்துத்தாய் அப்போதுதான் கழுத்தைத் தொட்டுப் பார்த்தாள். குளித்துவிட்டுக் கோயில் வேம்பில் கட்டவேண்டிய கயிறு. குளிக்குமுன்பே சேதி வந்ததாம். கிடைத்த பஸ்ஸில் ஏறிவிட்டாளாம். பின்கழுத்தில் துழாவினாள். வியர்வையில் முடிச்சு இறுகிவிட்டிருந்தது. யாரோ கத்தரிக்கோல் கேட்டார்கள்.

"வேணாம்." சுகப்பிரியா எழுந்துபோய் அவள் பின்னால் உட்கார்ந்து நகத்தால் நெம்பினாள். அப்பா போட்ட முடிச்சு. மகள் பின்னலுக்கு ஒரு ரிப்பன்கூடக் கட்டிவிடாத கை.

"அண்ணன் நேத்தும் ஒன்னயத்தேன் இழுத்தாரு தாயி," என்றாள் முத்துத்தாய், திரும்பாமல். "தினைப்புனத்துல தர்க்கம் நடக்கைல, 'எம் மக எம்மெஸ்ஸி கணக்கு, நீ என்னடான்னா காக்கா வெரட்டுற'ன்னு ஒரு போடு போடுவாரு. 'பொண்ணு கேட்டு வந்த ஆளுக்கு மக ஏதுய்யா'ன்னு நா மடக்குவேன். சனம் விழுந்து விழுந்து சிரிக்கும். எந்த ஊருக்குப் போனாலும் அதச் சொல்லாம மேடைய விட்டு எறங்க மாட்டாரு."

சுகப்பிரியாவின் விரல் நின்றது. அதையும் இவளிடம்தான் சொல்லியிருக்கிறார். ஊர் ஊராகச் சொல்லியிருக்கிறார். வீட்டு வாசலுக்குள் ஒரு தடவை சொல்ல மட்டும் தொண்டை இருந்திருக்காது.

முடிச்சு இளகியது. கயிற்றை முத்துத்தாயின் கையில் வைத்துவிட்டு அப்பாவிடம் வந்து உட்கார்ந்தாள்.

"மஞ்ச இன்னும் போகல பாரு," என்றாள் அம்மா. "தூக்குறதுக்குள்ள தொடச்சிரு."

சுகப்பிரியா கயிற்றின் மஞ்சள் ஏறிய தன் நகங்களைப் பார்த்தாள்.

"அது போகாதும்மா."

துணியை நீளமாகக் கிழித்து, அப்பாவின் கட்டைவிரல் இரண்டையும் சேர்த்துக் கட்டினாள். யாரும் அவிழ்க்க முடியாதபடி இறுக்கினாள்.