வாய்க்கு ஓய்வு

டாக்டர் சொல்லி முடித்ததும் என் வீட்டுக்காரர் சிரித்தார். அதை இன்னும் என்னால் மன்னிக்க முடியவில்லை. குரல் வரும் இடத்தில் வளர்ந்திருந்த சின்னக் கட்டியை எடுத்துவிட்டு, "இருபத்தொரு நாள் வாயே திறக்கக் கூடாதும்மா. கிசுகிசுன்னுகூடப் பேசாதீங்க. மீறினா இருக்கற குரலும் போயிடும்" என்று அந்த டாக்டர் சொல்கிறார். பக்கத்தில் நிற்கிற மனுஷன் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்குகிறார். திட்டுவதற்கு வாயைத் திறந்தேன். டாக்டர் விரலை ஆட்டினார். முப்பத்துநான்கு வருஷக் குடித்தனத்தில் அன்றைக்குத்தான் அவர் திட்டு வாங்காமல் தப்பித்தார்.

சபையில் எனக்கு மைக் அக்கா என்று பெயர். கரண்ட் போனாலும் கடைசி வரிசைவரை கேட்கும் என்பதால் வாலிபப் பிள்ளைகள் வைத்தது. எனக்கு அதில் பெருமைதான். பதினெட்டு வருஷமாக வெள்ளிக்கிழமைப் பெண்கள் ஜெபக்கூட்டத்தை நடத்துகிறேன். ஞாயிறு ஆராதனையில் சாட்சி நேரம் என்று ஒன்று உண்டு. அந்த வாரம் ஆண்டவர் செய்த நன்மையை எழுந்து நின்று சொல்ல வேண்டும். யாரும் எழவில்லை என்றால் பாஸ்டர் என்னைப் பார்ப்பார். ஆஸ்பத்திரிக் கட்டில், துக்க வீடு, போனில் அழுகிறவர்கள், எல்லா இடத்துக்கும் இந்தத் தொண்டைதான் போயிருக்கிறது. உமக்காகத்தானே கத்தினேன், அதற்குக் கூலி கத்தியா என்று ஆண்டவரிடமே கேட்டேன். மனதுக்குள்தான். வேறு வழி?

மூன்றாம் நாள் பாஸ்டர் பழப் பையோடு வந்தார். "ஓய்வும் ஆண்டவர் குடுக்கறதுதான் சிஸ்டர். இந்த நாட்கள்ல நீங்க உள்ளுக்குள்ள வளருவீங்க" என்றார். சொல்லிவிட்டு, வெள்ளிக்கிழமைக் கூட்டத்தைத் தையல்கடைக்காரம்மாவிடம் கொடுத்திருப்பதாக மெதுவாகச் சொன்னார். எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. அந்த அம்மா இரண்டு வரி ஜெபிப்பார், பிறகு கண்ணை மூடிக்கொண்டு சும்மா இருப்பார். சுற்றி உட்கார்ந்திருப்பவர்கள் இருமுவார்கள். வீட்டுக்காரர் வாங்கித் தந்திருந்த வெள்ளைப் பலகையில், "அவங்களுக்கு ஜெபிக்கத் தெரியாது" என்று எழுதினேன். அழுத்தி எழுதியதில் மார்க்கர் முனை உள்ளே போய்விட்டது. பாஸ்டர் படித்துவிட்டு, படிக்காதவர் மாதிரி, "இருபத்தொரு நாள் முடிஞ்சு வர்ற ஞாயிறு உங்க சாட்சிதான். முதல் வார்த்தை சபையிலதான் பேசணும். அறிவிச்சாச்சு" என்றார். அது ஒன்றுதான் நெஞ்சுக்கு ஆறுதலாக இருந்தது. அன்றைக்கே ஒரு நோட்டை எடுத்துச் சாட்சியை எழுத ஆரம்பித்தேன்.

காலையில் வழக்கமான நாற்காலியில் வழக்கம்போல உட்கார்ந்தேன். ஜெபம் வரவில்லை. சத்தம் இல்லாமல் அது என்னவோ கடைக்குக் கொடுத்தனுப்புகிற சீட்டுப் போல இருந்தது. இவனுக்கு வேலை, அவளுக்கு சுகம், இந்த வீட்டுக்குச் சமாதானம், கொஞ்சம் சீக்கிரம். பதினெட்டு வருஷம் இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேனா? அழுது, குரலை ஏற்றி இறக்கிச் சொன்னபோது அப்படித் தெரியவில்லையே. எரிச்சலில் எழுந்துவிட்டேன். மறுநாளும் அதே கதை. இரண்டாவது வாரம் ஆண்டவரோடு பேச்சுவார்த்தையே இல்லை. என் வாயை நீர் அடைத்தீர், நானும் பேசப்போவதில்லை, உட்கார்ந்திருக்கிறேன், அவ்வளவுதான் என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

சும்மா உட்கார்ந்திருந்தால் காதுக்கு வேலை வந்துவிடுகிறது. பக்கத்து அறையில் மருமகள் வேலைக்குக் கிளம்பும்போது மெல்லிய குரலில் ஒரு பாட்டை முனகுவாள் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிறவள். இந்த வீட்டுக்கு வந்து மூன்று வருஷம் ஆகிறது. போன வருஷத்திலிருந்து "சரி அத்தை", "ஆகட்டும் அத்தை" என்ற இரண்டைத் தவிர என்னிடம் அவள் பேசுவதில்லை. பாட்டு நன்றாகத்தான் இருந்தது. கதவருகே போய்க் கேட்கலாம் என்று எழுந்தேன். என் செருப்புச் சத்தம் கேட்டதும் முனகல் நின்றுவிட்டது. அடுத்த நாளும் அப்படித்தான். என் வீட்டில் என் செருப்புச் சத்தத்துக்கு என்ன பயம் என்று ஆத்திரமாக வந்தது.

பதினாறாம் நாள் திங்கட்கிழமை. அவளுக்கு விடுமுறை. மத்தியானம் மாடியில் காய்ந்த துணிகளை அள்ளிக்கொண்டு வந்து கூடத்தில் போட்டாள். பெரிய போர்வையை ஒருத்தியாக மடிக்க முடியாமல் தடுமாறினாள். நான் போய் மறு முனையைப் பிடித்தேன். உதறினோம். பாதியாக மடித்தோம். அவள் போர்வையைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"அத்தை, ஒண்ணு சொல்லணும். இப்ப உங்களால பேச முடியாதுங்கறதாலதான் சொல்றேன்."

நான் தலையாட்டினேன்.

"போன வருஷம் எனக்கு நாள் தள்ளிப்போய் ஆறு வாரம்கூட ஆகலை. நீங்க சாட்சி நேரத்துல எழுந்து, பேரப்பிள்ளை வரப்போகுதுன்னு நன்றி சொல்லிட்டீங்க. எங்கம்மாகிட்ட நான் அதுவரைக்கும் சொல்லவே இல்லை. சபை ஆளு யாரோ போன் பண்ணி அவங்களுக்கு வாழ்த்துச் சொன்னாங்க. அப்புறம் மூணாம் மாசம் அது தங்கலை. அதையும் வெள்ளிக்கிழமைக் கூட்டத்துல ஜெபக்குறிப்பா குடுத்தீங்க. முப்பது பேர் உக்காந்து என் வயித்தைப் பத்தி ஜெபிச்சாங்க."

போர்வையின் முனை என் கையில் இறுகியது. என்ன பேச்சு இது? மூன்று நாள் பட்டினி கிடந்து இவளுக்காக ஜெபித்தது யார்? ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் நாற்காலியில் தூங்கியது யார்? பதில்கள் வரிசையாக வந்து நின்றன. பலகை உள் அறையில் இருந்தது.

"ஆஸ்பத்திரில என் தலைமேல கைய வச்சு அரைமணி நேரம் சத்தமா ஜெபிச்சீங்க. பக்கத்துக் கட்டில்காரங்ககூட ஆமென் சொன்னாங்க. நான் அழணும்னு பாத்துக்கிட்டே இருந்தேன் அத்தை. நீங்க இடமே விடலை."

வாயைத் திறந்துவிட்டேன். தொண்டை வலித்தது. போனால் போகட்டும் இந்தக் குரல், இவளுக்குப் பதில் சொல்லிவிட்டுப் போகட்டும் என்றுதான் இருந்தது. அவள் இப்போது நேராக என் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அடி விழப்போகிறது என்று தெரிந்தவள் நிற்கிற மாதிரி, தோளைக் கொஞ்சம் குறுக்கிக்கொண்டு. அதைப் பார்த்ததும் என் வாய் தானாக மூடிக்கொண்டது.

"இப்ப மறுபடி ஏழு வாரம்" என்றாள். "அவருக்கும் டாக்டருக்கும் மட்டும்தான் தெரியும். இப்ப உங்களுக்கு. ஒளிச்சு வைக்கறது தப்புன்னு பட்டுச்சு, அதான் சொல்லிட்டேன். ஞாயித்துக்கிழமை நீங்க பேசுவீங்களே, அத நெனச்சா எனக்குத் தூக்கம் வரலை." நெருங்கி வந்து என் கையிலிருந்த முனையை வாங்கிக்கொண்டு, மீதியைத் தானே மடித்து முடித்தாள்.

சாயங்காலம் முழுக்க எனக்குக் கோபம் அடங்கவில்லை. நேற்று வந்தவள் எனக்கு ஜெபம் சொல்லித் தருகிறாளா? நோட்டை எடுத்தேன். நான்கு பக்கம் எழுதியிருந்தேன். படிக்கப் படிக்க, போன வருஷம் அந்த நன்றியைச் சொன்ன ஞாயிறு ஞாபகம் வந்தது. சபையே கைதட்டியது. எனக்கு உடம்பெல்லாம் பூரித்துப்போனது. அந்தக் கைதட்டல் எனக்குத்தான் விழுந்தது, அவளுக்கு இல்லை. அவள் அப்போது எங்கே உட்கார்ந்திருந்தாள் என்று யோசித்துப் பார்த்தேன். ஞாபகம் வரவில்லை, ஏனென்றால் நான் பார்க்கவே இல்லை. வெட்கமும் கோபமும் சேர்ந்துகொண்டு அடித்தன. நாற்காலியில் போய் உட்கார்ந்தேன். சத்தமாக அழவும் கூடாது என்பது அப்போதுதான் உறைத்தது. ஏழு வாரம் என்பதை மட்டும் மடியில் வைத்துக்கொண்டு இருட்டும்வரை உட்கார்ந்திருந்தேன். ஆண்டவருக்கு ஒரு யோசனையும் சொல்லவில்லை. வீட்டுக்காரர் வந்து, "என்ன, பலகைய இன்னைக்குத் தொடவே இல்ல? உடம்பு சரியில்லையா?" என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

ஞாயிறு வந்தது. சபை நிறைந்திருந்தது. "நம்ம மைக் அக்கா" என்று பாஸ்டர் சொன்னதும் கைதட்டினார்கள். மேடைக்குப் போனேன். பாஸ்டர் மைக்கைக் கையில் கொடுத்து, சத்தமாகப் பேச வேண்டாம் என்று கையைக் காட்டினார். தையல்கடைக்காரம்மா முதல் வரிசையில் இருந்தார். நான்காவது வரிசையில் என் மகன், அவன் பக்கத்தில் அவள். கைப்பையை வயிற்றோடு சேர்த்து மடியில் வைத்து, அதன்மேல் இரண்டு கையையும் வைத்திருந்தாள். கண் என்மேல் இருந்தது.

"ஸ்தோத்திரம்" என்றேன். வேறு யாரோ பேசுகிற மாதிரி கரகரவென்று வந்தது. முன்வரிசையில் ஒருத்தி அழத் தொடங்கினாள். அடுத்த வார்த்தை நாக்கு நுனிவரை வந்துவிட்டது. பொய் சொல்ல மாட்டேன், வந்தது. என்னிடம் இருந்ததிலேயே பெரிய நன்றி அதுதானே. அதைச் சொல்லாமல் வேறு எதைச் சொல்வது? எத்தனை முகங்கள், எல்லாம் வாய் பிளந்து காத்திருக்கின்றன. அவர்கள்மேல் கோபம் வந்தது. இப்படிக் காத்திருக்கப் பழக்கியவள் நான்தான் என்பதில் இன்னும் அதிகமாக வந்தது.

"சொல்லுங்க சிஸ்டர்" என்றார் பாஸ்டர்.

"சொல்றதுக்கு ஒண்ணும் இல்லை பாஸ்டர்" என்றேன். "கொஞ்ச நேரம் எல்லாரும் சும்மா இருக்கலாம்."

யாருக்கும் புரியவில்லை. பின்னால் யாரோ இருமினார்கள். பாஸ்டர் கடிகாரத்தைப் பார்த்தார். மின்விசிறிகள் சுற்றுகிற சத்தம் கேட்டது. தையல்கடைக்காரம்மாதான் முதலில் கண்ணை மூடினார். எனக்கு மூட மனம் வரவில்லை. மைக்கைக் கீழே இறக்கிப் பிடித்துக்கொண்டு நான்காவது வரிசையையே பார்த்துக்கொண்டு நின்றேன். கைப்பை அப்படியே மடியில்தான் இருந்தது. அதன்மேல் இருந்த கைகளில் ஒன்று மட்டும் மேலே போய்க் கண்ணைத் துடைத்துவிட்டு, மறுபடியும் அதே இடத்துக்கு வந்தது.