பொட்டாசியம் டப்பாவின் லேபிள்

"கையெழுத்துப் போடுக்கா. மதியத்துக்குள்ள பேப்பர் மேல போகணும்."

லேப் பொறுப்பாளர் நீட்டிய தாளைக் கண்ணாடிக்குடுவை கழுவும் அக்கா வலது கையால் வாங்கினாள். இடது கை முழங்கை வரை கட்டுக்குள் கிடந்தது. போட வேண்டிய இடத்தை அவர் விரலால் தொட்டுக் காட்டினார். அவளோ முதல் வரியிலிருந்து ஆரம்பித்தாள். நாற்பத்தாறு வயசில், மகள் தினமும் வேலைக்குக் கிளம்பும் முன் அரைமணி நேரம் உட்கார்த்தி வைத்துச் சொல்லிக்கொடுத்த எழுத்து. மெதுவாகத்தான் வரும், ஆனால் வரும்.

'ஊழியர் லேபிளைப் படிக்கத் தெரியாமல் பொட்டாசியத்தை ஸ்பிரிட் பக்கெட்டில் போட்டதால் தீ ஏற்பட்டது.'

அந்த வரியை அவள் இன்னொரு முறை படித்தாள்.

அந்தக் கல்லூரி லேபில் ஒரு வழக்கம். வகுப்பு முடிந்ததும் மிஞ்சிய லித்தியம், சோடியம் துணுக்குகளை ஸ்பிரிட் பக்கெட்டில் போட்டு அடக்குவார்கள். லித்தியம் சோம்பேறி, சும்மா முனகும். சோடியம் கொஞ்சம் சீறும். பொட்டாசியத்தை மட்டும் எண்ணெய்க்குள் மூடியே வைத்திருந்து, கழிவு எடுக்க வரும் வண்டியில் ஏற்றுவார்கள். போன வாரம் வண்டி வரவில்லை. மறுநாள் லேபைச் சோதனையிட ஆட்கள் வருகிறார்கள் என்றதும், மிச்சத்தை அன்றே தீர்த்துவிடப் பொறுப்பாளருக்கு அவசரம்.

"மூணும் ஒரே குடும்பம்தானே, போடுக்கா" என்றார்.

"குடும்பம் ஒண்ணுதான் சார், குணம் ஒண்ணா? சுவத்துல தனிமச் சார்ட்டைப் பாருங்க. லித்தியம், சோடியம், பொட்டாசியம்னு கீழ எறங்க எறங்க ஒரு சுத்து கூடுது. கடைசிச் சுத்துல நிக்கிற எலக்ட்ரான் மேல நடுவுல இருக்கற கருவுக்குப் பிடி தளந்துபோகுது. தொட்டாப் போதும், ஓடிரும். நான் போட மாட்டேன்."

பதினொரு வருஷமாக லேபில் கழுவும் தொட்டிக்கு முன்னால் நின்று காதில் வாங்கிய பாடம்.

"நாளைக்குக் கிளாஸ் நீயே எடுக்கறியா?" என்று சிரித்தவர், டப்பாவைப் பிடுங்கி, துணுக்குகளை வழித்துத் தானே பக்கெட்டில் கவிழ்த்தார். ஊதாவாகத் தீ எழுந்தது. அவர் கதவைப் பார்த்து ஓடினார். மணல் வாளியைத் தூக்கிக் கொட்டியவள் இவள். கை வெந்தது அப்போதுதான்.

"என்னக்கா யோசனை? வேலை போகாதுன்னு நான் சொல்றேன்ல?"

"வேலை இருக்கட்டும் சார். படிக்கத் தெரியாதவன்னு எழுதியிருக்கீங்களே. எம் மக உசிரைக் கொடுத்துச் சொல்லித்தந்த எழுத்து சார் அது!"

சத்தம் கேட்டுத் துறைத்தலைவி அறையிலிருந்து வந்தார். "என்னம்மா, என்ன பிரச்சினை?"

அக்கா அலமாரியிலிருந்து காலி டப்பாவை எடுத்து மேசை மேல் நச்சென்று வைத்தாள். பழைய லேபிள் மங்கிப்போனதால் போன மாசம் பொறுப்பாளரே அவளை எழுதச் சொல்லி ஒட்டியது. குண்டு குண்டான எழுத்து: 'பொட்டாசியம். சோடியத்துக்குக் கீழே இருப்பது. ஸ்பிரிட்டில் போடாதே.'

"இது யார் எழுத்து?" என்றார் துறைத்தலைவி.

"என் எழுத்து மேடம். நானே எழுதின லேபிளைப் படிக்கத் தெரியாதாம் எனக்கு!"

அவள் பேனாவை எடுத்தாள். இடது முழங்கையால் தாளை அழுத்திக்கொண்டு, 'படிக்கத் தெரியாமல்' என்பதன் மேல் ஒரு கோடு இழுத்தாள். அடியில் எழுதினாள்: 'படித்ததால் போட மாட்டேன் என்றேன். போட்டவர் பொறுப்பாளர்.'

அதற்குக் கீழேதான் கையெழுத்துப் போட்டாள்.