அம்பயர் ரோண்டாவின் துப்பாக்கி

அவுட் கொடுத்ததற்காக ஒருவன் தன் வண்டியைத் துரத்திக்கொண்டு வருவான் என்று ரோண்டா ஹாஸ்கெட் நினைத்ததே இல்லை. மிசூரியின் தென்மேற்கு மூலையில், எங்கள் ஊர்ப் பூங்கா மைதானத்தில், கோடைக்காலச் சனிக்கிழமைகளில் பெண்பிள்ளைகளின் சாஃப்ட்பால் ஆட்டங்களுக்கு அவள்தான் அம்பயர். மற்ற நாட்களில் பண்ணை வீடுகளுக்கு எரிவாயு நிரப்பும் லாரி ஓட்டுகிறவள். கணவனை விட்டுப் பிரிந்து வெகுகாலம் ஆகிறது. பெரிய தோள், கட்டைக் குரல். வசவு அவளுக்குப் பழகிப்போன ஒன்று. "குருடி", "உனக்கு எவ்வளவு குடுத்தான்", "போய் சமையல் பண்ணு" எல்லாம் ஒரு காதில் வாங்கி மறு காதில் விட்டுவிடுவாள்.

அன்றைக்கு ஓடி வந்தது லான்னி பிக்கெட்டின் மகள் டார்பி. ஆட்டத்தின் கடைசி ஓட்டம். அவள் கடைசித் தளத்தைத் தொட்டிருந்தால் ஆட்டம் சமன். புழுதியைக் கிளப்பிக்கொண்டு சறுக்கி வந்தாள். அவள் கால் தளத்தைத் தொடுவதற்கு முன்பே எதிரணிப் பெண் பந்தை அவள் முழங்காலில் வைத்துவிட்டாள். ரோண்டா கையை மடக்கிக் காட்டினாள். அவுட்.

லான்னி வேலியைப் பிடித்து உலுக்கினான். அவன் பஸ் நிலையத்துக்குப் பின்னால் கார் பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறவன். ஒல்லி, சிவந்த கழுத்து, எப்போதும் எவனாவது தன்னை ஏமாற்றுகிறான் என்ற நினைப்பு. மைதானத்தில் கத்தியது போதாதென்று, ரோண்டா டீசல் போட நிறுத்திய இடம் வரைக்கும் பின்னாலேயே வந்தான். அவள் இறங்கும் முன் கதவில் ஓங்கி ஒரு உதை விட்டான்.

"இறங்குடி கீழ. என் பொண்ணு அழுதுட்டு உக்காந்திருக்கா."

"பிக்கெட், வண்டிய உதைக்காத. தள்ளிப் போ."

"நீ எந்தெந்த வீட்டுக்கு கேஸ் போடப் போறன்னு எனக்குத் தெரியும். ஆளே இல்லாத ரோடுல எல்லாம் தனியாதான போற?"

இதைச் சொல்லும்போது மட்டும் அவன் கத்தவில்லை. மெதுவாகச் சொன்னான். ரோண்டா கதவின் பூட்டை அழுத்தினாள்.

ஷெரீஃப் அலுவலகத்தில் இருந்த இளைஞன் கதவு நசுங்கியதைப் படம் எடுத்துக்கொண்டான். "உங்களை அடிச்சானாம்மா? இல்லல்ல? அப்ப இப்போதைக்கு அவன்கிட்ட பேசிப் பாக்குறோம். ஏதாவது நடந்தா உடனே கூப்பிடுங்க" என்றான். ஏதாவது நடந்த பிறகு எந்தக் கையால் கூப்பிடுவது என்று கேட்க நினைத்து, கேட்காமலே வந்துவிட்டாள்.

மறுநாள் அவள் தம்பி டேரில் வந்தான். சமையலறை மேஜை மேல் ஒரு துணிப்பொட்டலத்தை வைத்துப் பிரித்தான். உள்ளங்கைக்குள் அடங்கிவிடுகிற கறுப்புக் கைத்துப்பாக்கி. கூடவே பேண்டுக்குள் செருகிக்கொள்ளும் உறை.

"வெச்சுக்கக்கா."

"எதுக்குடா இது?"

"எதுக்கா? அந்த நாய் உன் பின்னாடியே வந்திருக்கான். அடுத்த தடவ டீசல் போடுற எடத்துல நிக்க மாட்டான், காட்டு ரோடுல நிப்பான். அப்ப என்ன பண்ணுவ, விசில் ஊதுவியா?"

"அம்பயருக்கு ஏதுடா விசில்?"

"சிரிக்காதக்கா. நம்ம ஊர்ல பாதிப் பேர் இடுப்புல இருக்கு. சர்ச்சுக்குக்கூட வெச்சுட்டு வரான். உன் இடுப்பு மட்டும்தான் காலி."

ரோண்டாவுக்குத் துப்பாக்கி புதிதில்லை. மான் சீசனில் இறைச்சிக்காகச் சுடுகிறவள்தான். அவளுடைய நீளத் துப்பாக்கி அலமாரியில் பூட்டிக் கிடந்தது. ஆனால் அதைத் தோளில் மாட்டும்போது அவள் நினைப்பது மானை. இதை இடுப்பில் செருகினால் நாள் முழுக்க ஒரு மனிதனை நினைத்துக்கொண்டிருக்க வேண்டும். அவளுக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் வேண்டாம் என்றும் சொல்லவில்லை. டேரில் போன பிறகு பொட்டலம் மேஜையிலேயே கிடந்தது. அதை நகர்த்தாமல் பக்கத்திலேயே தட்டு வைத்துச் சாப்பிட்டாள்.

அந்த வாரம் வீட்டுக்குள்ளேயே செருகிப் பார்த்தாள். குனிந்தால் வயிற்றைக் குத்தியது. சட்டையைப் பெரிதாகப் போட்டால் தெரியவில்லை. டேரிலின் நிலத்தில் பழைய கதவு ஒன்றை நிறுத்திச் சுட்டுப் பழகினாள். குறி நன்றாகத்தான் இருந்தது. "பாத்தியா, உனக்குக் கை வந்த கலைக்கா" என்று டேரில் முதுகில் தட்டினான். கேஸ் கம்பெனியில் லாரிக்குள் துப்பாக்கி கூடாது. அதனால் வேலை நாட்களில் வீட்டில் வைத்துவிட்டுப் போனாள். போகிற வழியெல்லாம் பின்னால் வருகிற வண்டியையே கண்ணாடியில் பார்த்தாள். பண்ணை நாய் குரைத்தால்கூடத் துள்ளினாள். வெள்ளிக்கிழமை ராத்திரிக்குள் முடிவுக்கு வந்துவிட்டாள். மைதானத்துக்குக் கொண்டு போவது என்று.

சனிக்கிழமை கவசம் மாட்டிக்கொள்ளும் இடத்தில் லீலண்ட் அதைப் பார்த்துவிட்டான். லீலண்ட் அவளோடு நிற்கும் இரண்டாவது அம்பயர், கறுப்பினத்தவன், அஞ்சலகத்தில் வேலை. அவளுக்கும் அவனுக்கும் ஒரே வயது. ரொம்ப நாள் பழக்கம்.

"என்ன அது?"

"ஒண்ணுமில்ல."

"ரோண்டா, என் கண்ணு நல்லாத்தான் தெரியுது. அத வண்டில வெச்சுட்டு வா."

"பிக்கெட் பொண்ணு டீம்தான் இன்னிக்கு ஆடுது. அவன் என்ன சொன்னான்னு உனக்குத் தெரியுமா?"

"எனக்குச் சொன்னதெல்லாம் உனக்குத் தெரியுமா? இதே வேலிக்குப் பின்னாடி நின்னு, என் நிறத்த இழுத்து, எங்கம்மாவ இழுத்து, என்ன சொல்லலை? ஒரே ஒரு நாள் நான் சட்டையத் தூக்கி இடுப்புல துப்பாக்கியக் காட்டியிருந்தா இப்ப உங்கூடப் பேசிட்டு நிக்க மாட்டேன். நீ எடுத்தா தற்காப்பும்பாங்க. நான் உன் பக்கத்துல நின்னாலே போதும், போலீஸ் குண்டு எனக்குத்தான்."

"அப்ப நான் அடி வாங்கிட்டுக் கெடக்கணுமா?"

"அப்படிச் சொல்லல. எம்பக்கத்துல நிக்காதன்னு சொல்றேன்." முகக் கவசத்தை எடுத்துக்கொண்டு அவன் முன்னால் போய்விட்டான்.

அன்று டார்பி, மட்டை பிடிப்பவளுக்குப் பின்னால் பந்து பிடிக்கும் இடத்தில் இருந்தாள். அவள் குந்தி உட்கார, அவளுக்குப் பின்னால் ரோண்டா குனிந்து நிற்க வேண்டும். அவ்வளவு நெருக்கம். ஆட்டம் தொடங்கும் முன் டார்பி திரும்பிப் பார்த்து, "இன்னிக்காவது கண்ணாடி போட்டுட்டு வந்திருக்கீங்களா?" என்றாள்.

"முன்னாடி பாரு" என்றாள் ரோண்டா.

பந்து ஒன்று மட்டையில் பட்டு நேர் மேலே எழும்பியது. டார்பி அண்ணாந்தபடியே பின்வாங்கி வந்து ரோண்டாவின் மேல் மோதினாள். துப்பாக்கியின் கைப்பிடி இருவருக்கும் நடுவில் அழுந்தியது. குழந்தையின் முதுகெலும்பு ஒரு பக்கம், தன் வயிறு ஒரு பக்கம். ரோண்டாவுக்கு வியர்த்துவிட்டது. "உங்க பெல்ட்டு குத்துது" என்று டார்பி முனகிவிட்டுத் தன் இடத்துக்குப் போனாள்.

லான்னி வேலிக்குப் பின்னால் நாற்காலி போட்டிருந்தான். "ஏம்மா, உனக்குப் பந்து எப்படி இருக்கும்னு யாராவது சொல்லிக் குடுத்தாங்களா?" என்று ஆரம்பித்தான். "கேஸ் லாரிய எப்படித்தான் ரோடுல ஓட்டுறியோ!" சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் சிரித்தார்கள். "தடவிப் பாத்துதான் அவுட் குடுப்பா போல!"

வேறு எந்த நாளாக இருந்தாலும் அவள் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருப்பாள். அன்றைக்கு ஆட்டத்தை நிறுத்தினாள். வேலிக்கு நேராக நடந்தாள்.

"வாய மூடுறியா, வெளிய போறியா?"

"நீயே வந்து வெளிய தள்ளு."

"தள்ளணுமா? வெளிய வந்து நில்லுடா. பாத்துக்கலாம்."

சொன்னது தன் குரல்தான் என்று அவளாலேயே நம்ப முடியவில்லை. லான்னியின் முகத்தில் சிரிப்பு போய்விட்டது. அவன் வரட்டும் என்று தனக்குள் ஒன்று ஆசைப்படுவது ரோண்டாவுக்குத் தெரிந்தது. பயம் துளிகூட இல்லை. இத்தனை வருடம் விழுங்கிய வசவு அத்தனையும் ஒரே மனிதனின் முகமாக எதிரில் நின்றது. அவனை வெளியேறச் சொல்லிக் கை காட்டினாள். பயிற்சியாளர் இரண்டு பேர் சேர்ந்து அவனைக் கூட்டிக்கொண்டு போனார்கள்.

லான்னியின் மகள் அணிதான் ஜெயித்தது. அப்படியும் அவன் வீட்டுக்குப் போகவில்லை. ரோண்டா பையைத் தூக்கிக்கொண்டு வண்டி நிறுத்துமிடத்துக்கு வந்தபோது அவளுடைய வண்டியில் சாய்ந்து நின்றிருந்தான். நல்ல வெயில். காற்று அடித்து அவன் சட்டை ஓரம் விலகியது. இடுப்பில் அவனும் வைத்திருந்தான்.

"வெளிய வரச் சொன்னியே, வந்துட்டேன்."

"என் வண்டிய விட்டுத் தள்ளிப் போ."

"உன் தம்பிய என் கடைக்கு அனுப்புற. என் பொண்ணு கல்லாவுல உக்காந்திருக்கா, அவ முன்னாடி சட்டையத் தூக்கிக் காட்டுறான். 'எங்கக்கா பக்கம் திரும்பினா உனக்குக் குழிதான்'ங்கிறான். அன்னிக்குத்தான் இத எடுத்துச் செருகுனேன். இப்பச் சொல்லு, யாரு யார மிரட்டுறது?"

"எவன் அனுப்புனான்? நான் யாரையும் அனுப்பல."

"ஆமா, உனக்கு எதுவும் தெரியாது. கண்ணுதான் தெரியாதே."

அவன் கை சட்டைக்குள் போயிருந்தது. எப்போது போனது என்று ரோண்டா பார்க்கவில்லை. தன் கையைப் பார்த்தாள். அதுவும் சட்டைக்குள் இருந்தது. விரல்கள் கைப்பிடியைச் சுற்றி வளைந்திருந்தன. உள்ளே போ என்று அவள் கைக்குச் சொன்ன ஞாபகம் இல்லை. இவ்வளவு கிட்டத்தில் குறி தவறாது, அவனுக்கும் தவறாது என்று மட்டும் தோன்றியது.

அப்போது டார்பி இரண்டு கார்களுக்கு நடுவிலிருந்து பையை இழுத்துக்கொண்டு வந்தாள். இருவருக்கும் குறுக்காக வந்து நின்று அப்பாவிடம் கையை நீட்டினாள். "சாவி குடுப்பா, உள்ள ஏசி போட்டு உக்காந்துக்கறேன். நீ சண்ட போட்டு முடிச்சுட்டு வா."

ரோண்டா கையை வெளியே எடுத்தாள். வெறுங்கை. விரல்களை விரித்து அவன் பார்க்கும்படி தொடை ஓரத்தில் தொங்கவிட்டாள். அவனும் எடுப்பான் என்று அவளுக்கு எந்த நிச்சயமும் இல்லை. அவன் உடனே எடுக்கவில்லை. மகளின் தலைக்கு மேலாக அவளையே முறைத்துக்கொண்டிருந்தான். ரோண்டாவுக்கு, வேலிப் பக்கம் விட்டுவிட்டு வந்த பயம் மொத்தமும் திரும்பி வந்திருந்தது.

"அப்பா, சாவி!"

லான்னி கையை எடுத்தான். பேண்ட் பாக்கெட்டிலிருந்து சாவியை எடுத்து மகளிடம் எறிந்தான். ரோண்டாவின் காலடியில் காறித் துப்பினான். "பயந்தாங்கொள்ளி" என்று சொல்லிவிட்டுப் போனான்.

பின்னால் ஒரு கார் டயருக்கு அப்பால் லீலண்ட் முட்டி போட்டுப் பதுங்கியிருந்தான். எழுந்து பேண்டில் ஒட்டிய சரளையைத் தட்டினான். "என் பேத்திக்கு இன்னிக்குப் பொறந்த நாள்" என்றான். அவ்வளவுதான். காரை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

ரோண்டா நேரே டேரில் வீட்டுக்குப் போனாள். வாசலிலேயே துப்பாக்கியை உறையோடு கழற்றி அவன் நெஞ்சில் வைத்து அழுத்தினாள்.

"அவன் கடைக்குப் போனியா?"

"போனேன். என்ன இப்ப? உனக்காகத்தான் போனேன்."

"எனக்காகப் போகல. அத எவனுக்காவது காட்டணும்னு ரொம்ப நாளா ஆள் தேடிட்டு இருந்த. நான் கெடச்சேன். உன்னால அவன் இடுப்புலயும் ஒண்ணு ஏறிடுச்சு."

"அவன் மொதல்லேர்ந்தே வெச்சிருப்பான். பொய் சொல்றான். நாளைக்குக் காட்டு ரோட்டுல லாரிய மறிச்சான்னா என்ன பண்ணுவ?"

"பயப்படுவேன். இப்பவும் பயமாத்தான் இருக்கு. ஆனா இது இடுப்புல இருந்தப்ப எனக்குப் பயமே இல்லடா. அவன் வரணும்னு இருந்துச்சு. அவன் பொண்ணு குறுக்க வரலேன்னா நான் சுட்டிருப்பேன்."

"சுட்டா சுட்டதுதான். உன் உசுரு முக்கியமில்லையா?" டேரிலின் குரல் உடைந்தது. கோபத்தில் அதை மூடினான். "எக்கேடோ கெட்டுப் போ. செத்துப்போனா எங்கிட்ட வராத."

"செத்தப்புறம் எப்படிடா வருவேன்?"

அவன் சிரிக்கவில்லை. கதவைச் சாத்திக்கொண்டான். அந்த வருடம் நன்றிசொல்லும் பண்டிகை விருந்துக்கு அவன் கூப்பிடவில்லை. அவளும் போகவில்லை.

அம்பயர் துப்பாக்கியோடு ஆடுகளத்தில் நின்றாள் என்று லான்னி சாஃப்ட்பால் சங்கத்தில் புகார் கொடுத்தான். அவர்கள் கூப்பிட்டுக் கேட்டபோது ரோண்டா ஆமாம் என்றாள். அவனைப் பற்றியும் சொன்னாள். இரண்டு பேருக்கும் அந்தப் பருவம் முழுக்கத் தடை விதித்தார்கள். ஷெரீஃப் அலுவலகத்துக்கும் மறுபடி போனாள். இந்தத் தடவை வயதான ஒரு அதிகாரி உட்கார வைத்து எழுதிக்கொண்டார். கம்பெனியில் கேட்டு, லான்னியின் வீட்டுப் பக்கமிருந்த ரோடுகளை வேறு டிரைவருக்கு மாற்றிக்கொண்டாள். அந்த டிரைவர், "ஒரு அவுட்டுக்கு இவ்வளவு கூத்தா?" என்று எரிச்சல்பட்டான். தன் வண்டியின் நசுங்கிய கதவை மாற்றாமலே ஓட்டினாள். லான்னியின் கடையை விட்டால் ஊரில் வேறு நல்ல கடை இல்லை.

அடுத்த கோடையில் அவள் திரும்ப மைதானத்துக்கு வந்தாள். லீலண்ட் வந்து, அவளைக் கேட்காமலே அவள் இடுப்பை ஒரு பார்வை பார்த்தான். பிறகு பந்துப் பையை எடுத்து நீட்டினான். டார்பி வேறு அணிக்குப் போய்விட்டிருந்தாள். வசவு மட்டும் அப்படியேதான் இருந்தது. புது அப்பாக்கள், பழைய வார்த்தைகள்.

ஒரு நாள் சூப்பர் மார்க்கெட்டில் பணம் கட்ட நிற்கும்போது பின்னால் யாரோ மூச்சு விடுவது கேட்டுத் திரும்பினாள். லான்னி. கையில் பால் டப்பாவும் சோளச் சிப்ஸும். சட்டைக்கு அடியில் இடுப்பு புடைத்திருந்தது. அவன் அவள் இடுப்பைப் பார்த்தான். சட்டையை உள்ளே விட்டிருந்தாள், எதுவும் இல்லை என்பது யாருக்கும் தெரியும். அவன் கண்ணில் என்ன இருந்தது என்று அவளால் சொல்ல முடியவில்லை. இளக்காரமாக இருக்கலாம்.

"வரிச நகருது" என்றான் அவன். "போ."

ரோண்டா நகர்ந்தாள். பணம் கட்டினாள். வெளியே வண்டி வரைக்கும் முதுகெல்லாம் கூசியது. ஆனாலும் ஓடவில்லை, திரும்பியும் பார்க்கவில்லை.