எதிர்வீட்டை இழுத்த போல்ட்

தச்சர் தன் அறுவை மெஷினுக்குப் புதிதாக வாங்கிய கைடின் போல்ட்டை முதன்முதலாக இறுக்கிய அன்று, தெரு ஒரு முழம் குறுகியது. அன்றைக்கு யாரும் அதைக் கவனிக்கவில்லை. மறுநாள் காலை அவர் மனைவி துணி அலசிய தண்ணீரை வழக்கம்போல் வாசலில் நின்று வீசியபோது, அது தெரு நடுவில் விழாமல் எதிர்வீட்டுப் படியை நனைத்தது. எதிர்வீடு தச்சருடைய அண்ணன் வீடு, பல வருடங்களாகப் பேச்சுவார்த்தை இல்லாத வீடு. வேண்டுமென்றே ஊற்றினாள் என்று நினைத்துக்கொள்வார்களே என்று அவள் வாசலிலேயே நின்றாள். அண்ணி வெளியே வந்து, நனைந்த படியையும் இவளையும் பார்த்துவிட்டு, துணி போட்டுத் துடைத்தாள்.

கைடு என்பது, அறுக்கும்போது பலகை அலையாமல் நேராகப் போவதற்கு அணைத்துப் பிடிக்கும் இரும்புச் சட்டம். பழைய கைடைக் கடையில் கொடுத்துவிட்டு அதற்கு ஈடாகத் தச்சர் இதை எடுத்து வந்திருந்தார். சட்டம் முகம் பார்க்கும் அளவுக்குப் பளபளத்தது. குறை இருந்தது, அதைப் பூட்டி நிறுத்துகிற நடு போல்ட்டில். சுண்டுவிரல் நீளம்கூட இல்லாத அந்த போல்ட் சுற்றச் சுற்ற உள்ளே போய்க்கொண்டே இருந்தது. எங்கே போகிறது என்று கீழே குனிந்து பார்த்தால் மறுபக்கம் எதுவும் வெளியே வந்திருக்காது. இறுக்கினால் சட்டம் அசையாமல் நின்றது, அதில் பொய்யில்லை. ஆனால் நாலைந்து பலகை அறுத்ததும் மறுபடி இளகிவிடும். இன்னும் ஒரு சுற்று சுற்ற வேண்டும்.

வேறொருவராக இருந்தால் கொஞ்சம் இளக்கமாகவே வைத்துக்கொண்டு காலத்தை ஓட்டியிருப்பார். தச்சரால் அது முடியாது. இளம்வயதில் அண்ணனும் அவரும் ஒரே பட்டறையில் வேலை பார்த்தார்கள். தேய்ந்த நட் ஒன்றைக் காட்டி இதை மாற்றிவிடலாமா என்று தம்பி கேட்டபோது, அண்ணன் ஸ்பேனரால் அதைத் தட்டிப் பார்த்து, "தாங்கும்டா" என்றார். அது தாங்கவில்லை. பலகை எகிற, தச்சரின் இடது கையில் இரண்டு விரல்கள் போயின. ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தபோதே அண்ணன் மெஷின் வேலையை விட்டுவிட்டார். தன் வீட்டு முன்னறையில் கண்ணாடி அறுத்துப் படங்களுக்குச் சட்டம் போட்டுக் கொடுக்க ஆரம்பித்தார். மன்னிப்புக் கேட்கவில்லை. தம்பியும் அதைக் கேட்கும்படி அவர் முன்னால் போய் நிற்கவில்லை. அதிலிருந்து தச்சர் எதைத் தொட்டாலும் ஒரு சுற்று கூடுதலாக இறுக்குவார். கதவுக் கீல், தண்ணீர்க் குழாய், மூக்குக்கண்ணாடி எதுவும் தப்பாது. அவருக்கு மரை கழன்றுவிட்டது என்று சொல்பவர்கள்கூட, அவர் வீட்டில் ஒரு மரையும் கழலாது என்பதை ஒப்புக்கொண்டார்கள்.

தெரு குறுகுவதை முதலில் வாய்விட்டுச் சொன்னவர் மூன்றாம் வீட்டுத் தையல்காரர். அவர் டேப்பை எடுத்து இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரைக்கும் அளந்தார். ஒரு வாரம் கழித்து மறுபடி அளந்துவிட்டு, டேப் இழுபட்டுவிட்டது என்று புது டேப் வாங்கினார். புது டேப்பும் அதையே சொன்னது. அதற்குள் லாரி நுழைய முடியாமல் போயிருந்தது. பிறகு ஆட்டோ. எதிர்ச்சாரி வீடுகள் எதிலும் ஒரு விரிசல்கூட விழவில்லை. படிகள், சாக்கடை மூடி, வாசல் விளக்கு எல்லாம் வைத்தது வைத்தபடி முன்னால் வந்துகொண்டிருந்தன. மெஷின் ஓடுகிற சத்தம் நின்று, ஸ்பேனர் திரும்புகிற சத்தம் கேட்டால், தெருவில் இருப்பவர்கள் பேச்சை நிறுத்திவிட்டுச் சுவரைப் பார்த்தார்கள்.

தச்சர் கைடைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனார். கடைக்காரர் போல்ட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "சட்டத்துல குறை ஒண்ணும் இல்லண்ணே. கூட வர்ற போல்ட்டு பாக்கெட்டுதான் இப்பல்லாம் இப்படி வருது. கம்பெனிக்குச் சொல்லுங்க" என்றார். வெளியில் வாங்கிய போல்ட் எதுவும் அதில் ஏறவில்லை. அந்தக் கம்பெனியின் மரை அந்தக் கம்பெனிக்கே உரியது. தச்சர் போன் போட்டார். எடுத்த பெண் மரியாதையாகப் பேசினாள்.

"இறுக்கினா நிக்குதா சார்?"

"நிக்குது."

"அப்ப என்ன சார் கம்ப்ளெயின்ட்?"

"எதிர்வீடு கிட்ட வருதும்மா."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் யாரிடமோ விசாரிக்கிற சத்தம் கேட்டது. "அது வாரண்டியில வராது சார். போல்ட் மட்டும் வேற அனுப்பறோம்" என்றாள்.

சொன்னபடி அனுப்பவும் செய்தார்கள். புது போல்ட்டை மாட்டி முதல் சுற்று சுற்றியதும் எதிர்ச்சாரி ஒரேயடியாக ஒரு சாண் நகர்ந்தது. அண்ணன் வீட்டு அடுப்பில் இருந்த பாத்திரம் குலுங்கியது இங்கே கேட்டது. தச்சர் பயந்துபோய் இடப்பக்கமாகத் திருப்பினார். தெரு விரியவில்லை. கைடு மட்டும் இளகியது. அந்த நிலையில் ஒரே ஒரு பலகையை விட்டுப் பார்த்தார். அது வாளில் சிக்கி, எகிறி, அவர் காதை உரசிக்கொண்டு போய்ப் பின்சுவரில் குத்தி நின்றது. அவர் ஸ்பேனரை எடுத்து, பழையபடி இறுக்கினார். வாங்கிய வேலைகள் காத்திருந்தன. கைகளில் மீதி எட்டு விரல்கள் இருந்தன. வேலையையும் விரல்களையும் காப்பாற்ற அவருக்கு வேறு வழி தெரியவில்லை.

அடுத்த சில வருடங்களில் தெரு காலியானது. தையல்காரர் முதலில் போனார். வாடகைக்கு இருந்தவர்கள் பின்னாலேயே போனார்கள். சொந்த வீட்டுக்காரர்களில் பின்வாசல் இருந்தவர்கள் முன்வாசலைப் பூட்டிவிட்டுப் பின்தெருவுக்குத் திரும்பிக்கொண்டார்கள். தச்சர் வீட்டுக்குப் பின்வாசல் உண்டு. அண்ணன் வீட்டுக்குக் கிடையாது. அதன் முதுகில் ஒட்டியிருந்த ஒரு கிடங்கின் உயர்ந்த சுவரும் கூடவே நகர்ந்து வந்திருந்தது. அண்ணனும் அண்ணியும் இரண்டு வீட்டுச் சுவருக்கும் நடுவே ஒருக்களித்து நடந்து தெருமுனைக்குப் போய்வந்தார்கள். அண்ணன் ஒரு நாளும் வந்து நிறுத்தடா என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் நிறுத்தியிருப்போமா என்று தச்சர் யோசித்துப் பார்ப்பார். ஜன்னலோரம் மெஷின் இருந்த தச்சர் வீட்டு முன்னறைக்குள் பகல் வெளிச்சம் வருவது நின்றுபோனது. மெஷினுக்கு மேல் எப்போதும் விளக்கு எரிந்தது.

ஒரு மத்தியானம் தச்சர் ஸ்பேனரைப் போல்ட்டில் வைத்தபோது ஜன்னலில் ஆள் நிற்பது தெரிந்தது. கை நீட்டினால் தொடுகிற தூரத்தில், எதிர் ஜன்னலில் அண்ணன் நின்றுகொண்டிருந்தார். முகத்தில் தோல் தொங்கிப்போயிருந்தது. தினமும் தெருவுக்கு அந்தப் பக்கம் பார்த்த முகம்தான். ஆனால் இவ்வளவு வயதாகிவிட்டது என்று தச்சருக்குத் தெரிந்திருக்கவில்லை.

"மரை சரியில்ல அது" என்றார் அண்ணன்.

"தெரியும்."

"நான் பிடிச்சுக்கறேன். நீ அறு."

தச்சர் ஸ்பேனரைக் கீழே வைக்கவில்லை. அண்ணனின் கை இரண்டு ஜன்னல்களின் கம்பிகளுக்கும் நடுவே நுழைந்து வந்து, கைடின் முனையை அழுத்திப் பிடித்தது. கண்ணாடி கீறிக் கீறித் தழும்பேறிய கை. வாளுக்கும் அதற்கும் நடுவே அதிக இடம் இல்லை. கையை எடுத்துக்கொள் என்று தச்சருக்கு வாய்வரை வந்தது. சுவிட்சைப் போட்டார். பலகையை உள்ளே தள்ளினார். தன் விரல்களைப் பார்க்காமல் அண்ணன் விரல்களையே பார்த்துக்கொண்டு அறுத்தார். பலகை நூல் பிசகாமல் வந்தது. "இன்னொண்ணு வை" என்றார் அண்ணன்.

அதற்கப்புறம் போல்ட்டை இறுக்க வேண்டியிருக்கவில்லை. இருவரும் ஜன்னல் கம்பிகளை அறுத்து எடுத்துவிட்டார்கள். அறுக்கிற வேலை வரும்போது தச்சர் சட்டத்தில் இரண்டு தட்டுத் தட்டுவார். அண்ணன் கண்ணாடி வேலையைப் போட்டுவிட்டு வந்து பிடித்துக்கொள்வார். பழைய விஷயத்தை இருவரும் பேசவில்லை. மரத்தைப் பற்றி, ஈரத்தைப் பற்றி, மின்சாரம் போய்ப்போய் வருவதைப் பற்றிப் பேசினார்கள். தெரு அப்படியே, ஒரு ஆள் ஒருக்களித்துப் போகிற அகலத்தில் நின்றது. ஆனாலும் அந்தச் சந்தைப் பார்க்கும்போதெல்லாம் தச்சரின் மனைவிக்கு மனசு ஆறவில்லை. நன்றாகத்தான் போகிறது என்று யாராவது சொன்னால் அவள் பேச்சை மாற்றிவிடுவாள்.

ஒரு காலை நேரம், பலகை பாதி அறுபட்டுக்கொண்டிருக்கும்போது அண்ணனின் பிடி தளர்ந்தது. தச்சர் நிமிர்ந்து பார்த்தபோது அவர் ஒரு கையால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஜன்னலில் சாய்ந்திருந்தார். ஆம்புலன்ஸ் சீக்கிரமே வந்துவிட்டது. வந்து தெருமுனையில் நின்றது. ஸ்ட்ரெச்சரை நெடுக்குவாட்டில் சாய்த்துப் பார்த்தார்கள், நுழையவில்லை. படுத்துக் கிடக்கிற மனிதனை ஒருக்களித்துத் தூக்கிவர முடியாது என்றார்கள். பின்தெருவுக்கு வாருங்கள் என்று தச்சர் கத்திச் சொல்ல, வண்டி ஊரைச் சுற்றிக்கொண்டு புறப்பட்டது. அண்ணி அந்தப் பக்கத்திலிருந்து தள்ள, தச்சரும் மனைவியும் இந்தப் பக்கத்திலிருந்து வாங்க, இரண்டு ஜன்னல்கள் வழியாக அண்ணனை எடுத்து மெஷின் மேஜையின் மேல் கிடத்தினார்கள். அவருக்கு நினைவு இருந்தது.

"பிளேடு நின்னுடுச்சா?" என்று கேட்டார்.

"நின்னுடுச்சுண்ணே."

வண்டி பின்வாசலுக்கு வந்து சேர்ந்தபோது அவர் மூச்சும் நின்றுபோயிருந்தது. தெரு தெருவாக இருந்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று டாக்டரிடம் யாரும் கேட்கவில்லை. இரண்டு விரலுக்கு ஓர் உயிர் என்று வெளியே சிலர் பேசியிருக்கலாம். தச்சர் காதுபட யாரும் பேசவில்லை. அவரே தனக்குள் சொல்லிக்கொண்டார். சாப்பிட உட்கார்ந்தால் சொல்லிக்கொண்டார், எழுந்தால் சொல்லிக்கொண்டார். மெஷின் மேல் தூசி படிந்தது.

ஒரு சாயங்காலம் அண்ணி ஜன்னலுக்கு வந்தாள்.

"தம்பி, அதை இறுக்கிடுங்க."

தச்சருக்குச் சட்டென்று விளங்கவில்லை. விளங்கியதும், "வேணாம் அண்ணி. உங்க வாசல் அடைஞ்சிடும்" என்றார்.

"ஜன்னல் இருக்கே. சந்துல காத்து நுழைஞ்சு அவர் இருமற மாதிரியே சத்தம் போடுது. என்னால கேட்டுக்கிட்டு இருக்க முடியல."

"இறுக்கினா அப்புறம் திரும்ப வராது."

"வர வேண்டாம்."

அவர் ஸ்பேனரை எடுத்தார். மனைவி பக்கத்தில் வந்து நின்றாள். ஒவ்வொரு சுற்றுக்கும் எதிர் ஜன்னலில் அண்ணியின் முகம் பெரிதாகிக்கொண்டு வந்தது. அவள் கண்ணை மூடவில்லை. சந்துக் காற்றின் சத்தம் மெலிந்து, விசில்போலாகி, நின்றது. இழைத்துச் சேர்த்த மேஜை டிராயர் உள்ளே போய் உட்காருகிற மாதிரி, டப்பென்று ஒரு சின்னச் சத்தத்தோடு சுவரும் சுவரும் சேர்ந்தன. அவர் பழக்கதோஷத்தில் இன்னும் ஒரு சுற்றுக்கு அழுத்தினார். போல்ட் அசையவில்லை. வாங்கிய நாளிலிருந்து முதன்முறையாக அது நின்றுவிட்டது. தச்சர் ஸ்பேனரை எடுக்காமல், மெஷினில் நெற்றியை வைத்து வெகுநேரம் குனிந்தே இருந்தார். அண்ணி ஜன்னல் வழியாகக் காலை எடுத்துவைத்து இந்தப் பக்கம் வந்து, அவர் தோளில் ஒட்டியிருந்த மரத்தூளைத் தட்டிவிட்டாள்.

பிறகு அவர் அந்த இரண்டு ஜன்னல்களையும் இடித்து ஒரே வாசல்நிலையாக வைத்தார். தபால்காரர் இரண்டு வீட்டுக் கடிதங்களையும் பின்வாசலில் போட்டார். தெருவின் பெயர்ப்பலகையைக் கழற்றிக்கொண்டு போக வந்தவர்களுக்கு அது மாட்டியிருந்த இடத்துக்குப் போக வழி கிடைக்கவில்லை. சுவர்களுக்கு நடுவே அகப்பட்ட தெருவிளக்குக்கு யாரும் மின்சாரத்தை நிறுத்தவில்லை. பொழுது சாய்ந்தால் இரண்டு சுவரும் சேர்ந்த இடத்தில், மேலிருந்து கீழ்வரை மஞ்சளாக ஒரு கோடு தெரியும். தச்சர் தினமும் காலையில் பின்வாசலில் நின்று, பின்தெருவுக்கு அந்தப் பக்கம் இருக்கிற வீடுகள் இருந்த இடத்திலேயே நிற்கின்றனவா என்று கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத்தான் மெஷினைப் போடுவார். மேஜை செய்யச் சொல்ல வந்த ஒருவர் அந்த மஞ்சள் கோட்டைப் பார்த்துவிட்டு, அது என்ன என்று கேட்டார். தச்சரின் மனைவி அண்ணியோடு சேர்ந்து நீளப்பலகை ஒன்றைத் தூக்கிக்கொண்டிருந்தாள்.

"தெருங்க" என்றாள். "கொஞ்சம் தள்ளி நில்லுங்க, பலகை இடிச்சிடும்."